ஸ்டீம் வகுப்புக்கு மைக்ரோபிட்: பலகையை வாங்குங்கள், ஆயத்தப் பெட்டியை விட்டுவிடுங்கள்

பள்ளியில் ஸ்டீம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கலை, கணிதம் ஐந்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது) ஆரம்பிக்கப் போகிறோம், முதலில் எதை வாங்கலாம் என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது மைக்ரோபிட் என்ற சின்னக் கணினிப் பலகை. வெறும் பலகை போதும். கூடவே அட்டை, பசை, கத்தரிக்கோல், முனையில் கவ்விப் பிடிக்கும் க்ரோகடைல் கிளிப் உள்ள ஒயர் கொஞ்சம். இதை வகுப்பில் வைத்து வேலை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், குறைகளையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

பிபிசி 2016-இல் பிரிட்டனில் 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்த பலகை இது, சுமார் 10 லட்சம் பிள்ளைகள் கைக்குப் போனது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். முன்பக்கம் ஐந்துக்கு ஐந்தாக 25 சின்ன எல்இடி, இரண்டு பட்டன், அசைவையும் திசையையும் உணரும் சென்சார்கள், கீழே கிளிப் மாட்ட ஐந்து பெரிய ஓட்டைகள். 2020-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஸ்பீக்கரும் மைக்கும் சேர்ந்துகொண்டன. மேக்கோட் என்ற இணையதளத்தில் கட்டளை பிளாக்குகளை இழுத்துக் கோர்த்தால் நிரல் தயார். திரையிலேயே ஒரு போலிப் பலகை ஓடுவதால் பாதிப் பிள்ளைகள் கையில் பலகை இல்லாமலேயே வேலையைத் தொடர முடிகிறது, பெரிய வகுப்புக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும்.

எனக்குப் பிடித்ததற்குக் காரணம், கலையை ஒப்புக்கு ஒட்டவைக்காமல் பாடத்துக்குள்ளேயே கொண்டுவர இது இடம் கொடுக்கிறது. எங்கள் வகுப்பில் ஒரு மாணவி அட்டையில் ஆந்தை செய்தாள், இருட்டினால் கண் திறக்க வேண்டும், வெளிச்சம் வந்தால் மூட வேண்டும். அந்த எல்இடிக்களே வெளிச்சத்தை அளக்கவும் செய்யும், 0 முதல் 255 வரை எண் கொடுக்கும். ஜன்னலோரம், பெஞ்சுக்கு அடியில், அலமாரிக்குள் என்று பலகையைத் தூக்கிக்கொண்டு அலைந்து எண்களைக் குறித்துக்கொண்டு வந்தாள். ஓர் எல்லை வைத்தாள். வெளிச்சம் சரியாக அந்த எல்லையில் நின்றபோது இமை படபடவென்று அடித்துக்கொண்டது, இமையை அசைக்கும் சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார்) ஓயவே இல்லை. அப்புறம் அவளே யோசித்து இரண்டு எல்லை வைத்தாள்: 40-க்குக் கீழே போனால் திற, 80-க்கு மேலே போனால்தான் மூடு, நடுவில் இருந்தால் இருக்கிறபடியே இரு. பொறியியலில் இதற்கு ஹிஸ்டெரிசிஸ் என்று பெயரே உண்டு, அதை நான் பிறகுதான் சொன்னேன், சொல்லும்போது அவளுக்கு அது ஏற்கெனவே தெரிந்த விஷயமாக இருந்தது. இமை எவ்வளவு மெதுவாக இறங்கினால் தூக்கக் கலக்கம் மாதிரித் தெரியும் என்பதற்கு அவள் எடுத்துக்கொண்ட நேரம்தான் எல்லாவற்றையும்விட அதிகம், அந்த நேரத்தை வீண் என்று நான் நினைக்கவே இல்லை.

25 புள்ளிக்குள் தமிழ் எழுத்து வரையச் சொல்லிப் பாருங்கள். பலகையில் ஆங்கில எழுத்துகள்தான் தானாக ஓடும், தமிழை நாம்தான் புள்ளி புள்ளியாக வரைய வேண்டும். ட, ப இரண்டும் நொடியில் வந்துவிடும். இ-க்கு வந்ததும் வகுப்பே சண்டை போடும், எந்த வளைவை விட்டாலும் அது இ-யாகத் தெரியுமா என்று.

சரி, குறைகள். வெப்பநிலை சென்சார் என்று சொல்வது உண்மையில் சிப்பின் சூட்டைத்தான் அளக்கிறது, அதனால் அறையின் வெப்பநிலையைவிடச் சற்றுக் கூடக் காட்டலாம். பக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்து வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னால் அதுவே நல்ல பாடம், தெரியாமல் விட்டால் தப்பான பாடம். சர்வோவைப் பலகையிலிருந்தே ஓட்டினால் அடிக்கடி ரீசெட் ஆகும். முதல் பதிப்பு வெளியே கொடுக்கக்கூடியது 90 மில்லிஆம்பியர், இரண்டாவது 190, மோட்டார் கிளம்பும்போது அதற்கு மேல் இழுத்துவிடும். மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுத்து, அந்தப் பேட்டரியின் கிரவுண்டையும் (மின்சாரம் திரும்பிப் போகும் முனை) பலகையின் கிரவுண்டையும் இணைத்துவிடுங்கள். 3வி, கிரவுண்ட் ஓட்டைகள் அடுத்தடுத்து இருப்பதால் இரண்டு கிளிப்பும் உரசாமல் பார்க்க வேண்டும். பேட்டரியைக் கழற்றும்போது பிள்ளைகள் ஒயரைப் பிடித்து இழுப்பார்கள், பிளக்கைப் பிடித்துக் கழற்ற முதல் நாளே பழக்குங்கள். யூஎஸ்பி கேபிள் இன்னொரு தலைவலி: சார்ஜ் மட்டும் ஆகும் கேபிளை மாட்டினால் விளக்கு எரியும், ஆனால் கணினிக்குப் பலகை தெரியாது, பலகைதான் கெட்டுவிட்டது என்று எடுத்து வைத்துவிடுவார்கள். பலகைகள் ஒயர் இல்லாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ரேடியோ வசதி அருமையானது, ஆனால் ஒவ்வொரு குழுவுக்கும் 0 முதல் 255-க்குள் தனி எண் கொடுங்கள், எல்லாரும் ஒரே எண்ணில் இருந்தால் ஒருவர் அனுப்பியது அறை முழுக்கப் போகும்.

என் உண்மையான மனத்தாங்கல் பலகை மேல் இல்லை, அதைச் சுற்றி விற்கப்படுவதன் மேல்தான். எங்களிடம் ஒரு நிறுவனம் ஸ்டீம் திட்டம் என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தது. உள்ளே மைக்ரோபிட், வெட்டித் தயாராக வைத்த பிளாஸ்டிக் பாகங்கள், படிப்படியாகப் படம் போட்ட புத்தகம். எல்லாப் பிள்ளையும் ஒரே காரைச் செய்தார்கள், ஒரே நிறத்தில், ஒரே நிரலோடு. கண்காட்சியில் வரிசையாக வைத்துப் படம் எடுத்தார்கள். ஒரு பையன் காருக்குக் காது வைக்கட்டுமா என்று கேட்டபோது, புத்தகத்தில் இல்லாததைச் செய்ய வேண்டாம் என்று பயிற்சியாளர் சொன்னார். அந்தப் பையன் அப்புறம் எதுவும் கேட்கவில்லை, எனக்கு அது இன்னும் வலிக்கிறது. அறிவியல் ஆசிரியருக்கு மட்டும் ஒரு மதியம் பயிற்சி கொடுத்தார்கள், ஓவிய ஆசிரியரைக் கூப்பிடவே இல்லை. எங்கள் ஆந்தையின் இமைக்கு அட்டையை எப்படி மடித்தால் கிழியாது என்று காட்டியவர் ஓவிய ஆசிரியர்தான்.

ஆகவே பள்ளி நிர்வாகத்திடம் பேசப் போனால் பலகைகளைத் தனியாகக் கேளுங்கள், இரண்டு பிள்ளைக்கு ஒன்று என்றால் நன்றாகவே ஓடும். மிச்சப் பணத்தைச் சர்வோக்கள், டேட்டா போகும் கேபிள்கள், ரீசார்ஜ் ஆகும் பேட்டரிகளுக்கு ஒதுக்குங்கள், ஓவிய ஆசிரியருக்கும் அதே நேரத்தில் அட்டவணையில் ஒரு பீரியட் வாங்கிவிடுங்கள். முதல் பதிப்புப் பலகைகள் யாராவது சும்மா கொடுத்தாலும் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். இசை வேண்டுமென்றால் மட்டும் அதில் வெளியே ஒரு பஸ்ஸரோ இயர்போனோ மாட்ட வேண்டியிருக்கும்.