'எல்லா வண்டிக்கும் வரும்' என்று விற்கப்படும் வால்வு ஸ்பிரிங் கருவி: வாங்குமுன் இதைப் படியுங்கள்

என்னுடைய 2011-ஆம் ஆண்டு வேகன் ஆர் கார் ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைக் கடந்த பிறகு, காலையில் முதன்முறை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப்புகை கக்கிவிட்டுச் சற்று நேரத்தில் அடங்கத் தொடங்கியது. இரவெல்லாம் நிற்கும் வண்டியில், வால்வுகளைச் சுற்றி ஆயிலைத் தடுத்து நிற்கும் ரப்பர் வளையங்களான வால்வு சீல்கள் இறுகிப்போய், அவற்றைத் தாண்டி ஆயில் வால்வுத் தண்டின் வழியே இறங்குவதால் வரும் புகை அது. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட்டும் கசிந்துகொண்டிருந்ததால், ஹெட்டைக் கழற்றி இரண்டு வேலைகளையும் ஒன்றாக முடித்துவிட நினைத்தேன். சொந்த வண்டியைச் சொந்தக் கையால் பழுது பார்ப்பது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். வால்வைக் கழற்றுவது மட்டும் புதிது.

வால்வு ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்து, அதன் மேலுள்ள மூடியான ரீட்டெய்னரைக் கீழே இறக்கினால்தான், தண்டின் பள்ளத்தைக் கவ்வி நிற்கும் இரண்டு அரைவட்ட லாக்குகளை எடுக்க முடியும். அதற்கு வேண்டிய சி வடிவக் கருவியைத் தேடி, சென்னையில் உதிரிப் பாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனேன். ஒரு கடையில் என் வண்டியின் பெயரையும் ஆண்டையும் தெளிவாகச் சொல்லி, பன்னிரண்டு வால்வு கொண்ட எஞ்சின் என்பதையும் சொன்னேன். "எல்லா வண்டிக்கும் வரும் சார், தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லி 1,850 ரூபாய்க்கு ஒரு பெட்டியைக் கொடுத்தார்கள். பில் கேட்டதற்கு, கடையின் பெயர்கூட இல்லாத ஒரு எஸ்டிமேட் சீட்டில் 'வால்வு டூல் 1' என்று கிறுக்கித் தந்தார்கள். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். நான் செய்த முதல் தவறு அது.

வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்ததும் உண்மை தெரிந்துவிட்டது. அம்பாசடர் போன்ற பழைய வண்டிகளில் ஸ்பிரிங்குகள் ஹெட்டின் மேல் திறந்தவெளியில் நிற்பதால், ரீட்டெய்னரை அழுத்தும் கிண்ணம் எவ்வளவு அகலமான கருவியும் அவற்றுக்கு உதவும். ஆனால் என் வண்டியின் எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் சுழல்தண்டான கேம் ஷாஃப்ட், வால்வின் மேல் கவிழ்த்த வாளி போன்ற டாப்பெட்டை நேரடியாக அழுத்துகிறது. அந்த டாப்பெட் ஏறி இறங்கும் துளையின் அடியில்தான் ரீட்டெய்னர் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே கருவியின் கிண்ணம் அந்தத் துளைக்குள் சுவரில் உரசாமல் இறங்க வேண்டும். அதே சமயம் ரீட்டெய்னரின் விளிம்பில் உட்கார்ந்து, லாக்கை எடுக்கப் பக்கவாட்டில் சன்னலும் விட வேண்டும். எனக்குக் கிடைத்த கிண்ணமோ துளையின் வாயைவிட ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் பெரிதாக இருந்தது.

கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "கப்பைக் கிரைண்டர்ல கொஞ்சம் தேய்ச்சுக்கோங்க சார், எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க" என்றார் கடைக்காரர். அதைக் கேட்டுத் தேய்த்தேன், இரண்டாவது தவறு. முதல் மூன்று வால்வுகள் எப்படியோ வந்துவிட்டன. நான்காவதில் திருகை இறுக்கும்போது, கருவியின் சட்டமே கண்ணுக்குத் தெரியும்படி விரிந்து, கிண்ணம் ஒருபுறம் சாய்ந்து டாப்பெட் துளையின் அலுமினியச் சுவரைக் கீறியது. ஒரு லாக் எங்கோ தெறித்துப் போனது. மெல்லிய ஆயில் படலத்தின் மீது வழுக்கிச் செல்ல வேண்டிய டாப்பெட், கீறலின் மேட்டில் சிக்கி நின்றது. லாக் தெறித்தபோது, நல்லவேளையாகப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்தேன்.

மறுநாள் கருவியோடு கடைக்குப் போனபோது, தேய்க்கச் சொன்ன அதே மனிதர், "நீங்க கிரைண்டர்ல தேய்ச்சுட்டீங்களே சார், கம்பெனிக்காரன் எப்படி எடுப்பான்?" என்று கேட்டார். தேய்க்கச் சொன்னது அவர்தான் என்று நிறுவ என்னிடம் எதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தால் எழுத்தில் இருந்திருக்கும். கருவியின் சட்டம் விரிந்தது பொருளின் குறை அல்லவா என்றதற்கு, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகையைக் காட்டினார். அந்தப் பலகை சட்டமாகிவிடாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராமல் விற்பதும், குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்காவிட்டால் முப்பது நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் நேர்மையற்ற வணிக முறைகள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன்; யுபிஐ வழியாகப் பணம் செலுத்தியிருந்ததால் வாங்கியதற்கு அந்தப் பதிவாவது சான்றாக நின்றது.

கீறிய ஹெட்டை ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெரியவர் கீறலின் மேட்டை மட்டும் நுண்ணிய எமரித் தாளால் பொறுமையாகத் தட்டையாக்கினார். டாப்பெட் தடையின்றி ஓடியது. கீறல் இன்னும் ஆழமாக இருந்திருந்தால் ஹெட்டையே மாற்ற வேண்டியிருந்திருக்கும் என்றார். மீதி ஒன்பது வால்வுகளையும் அவரே கழற்றினார். அவருடைய கருவியில் கிண்ணத்துக்குப் பதிலாக நீண்ட, ஒல்லியான ஒரு குழாய் இருந்தது. அதன் இரு பக்கமும் சன்னல் வெட்டப்பட்டிருந்தது. பழைய சாக்கெட் ஒன்றை அறுத்துத் தாமே செய்துகொண்டாராம். எல்லாம் சேர்த்து எனக்கு 3,200 ரூபாய் ஆயிற்று.

இதே கருவியை வாங்கப் போகிறவர்கள், முதலில் டாப்பெட் துளையின் விட்டத்தையும் ஆழத்தையும், ரீட்டெய்னரின் விட்டத்தையும் வெர்னியர் காலிப்பரால் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். அங்கே கிண்ணத்தின் வெளிவிட்டத்தை நீங்களே அளந்து பாருங்கள். துளைக்குள் அது தாராளமாக இறங்க வேண்டும். திருகை இறுக்கினால் சட்டம் வளையாத அளவுக்குத் தடிமன் இருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையது கையில் எடுத்தபோதே இலேசாக இருந்தது, அதையே ஒரு வசதியாக நினைத்துவிட்டேன். ஜிஎஸ்டி பில்லில் வண்டியின் பெயரையும் ஆண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பொருந்தவில்லை என்றால், யார் என்ன யோசனை சொன்னாலும், அரத்தையோ கிரைண்டரையோ தொடாமல் அப்படியே திருப்பிக் கொடுங்கள்.

புகாருக்கு எண் வந்து மூன்று வாரமாகிறது. கடையிலிருந்து இதுவரை பதில் இல்லை. சென்ற வாரம் அவ்வழியே போனபோது, அதே பெட்டி கண்ணாடி அலமாரியில் முன்வரிசையில் இருந்தது.