8,400 ரூபாய் போச்சு: கல்யாண மண்டபத்து மூலிகை முகாமுக்குப் போகாதீர்கள்

இன்று காலை பேப்பரைப் பிரித்தால் உள்ளேயிருந்து அதே மஞ்சள் நோட்டீஸ் விழுகிறது. இலவச நாடிப் பரிசோதனை, மூலிகை முகாம், மூன்றே நாள். போன மாதம் எங்கள் தண்டையார்பேட்டை, இந்த முறை வியாசர்பாடி. அதே சித்தர் படம். ஆத்திரத்தில் கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். மூலிகை மருந்து வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 63 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை. முட்டி வலி வந்தபிறகு மூன்றாவது மாடியிலிருந்து இறங்குவதே பெரும்பாடு. நாட்டு மருந்து எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. சளி என்றால் தூதுவளை ரசம், வாரத்தில் ஒருநாள் முடக்கத்தான் தோசை, காய்ச்சல் சீசனில் நிலவேம்புக் குடிநீர். அதனால்தான் ஏமாந்தோம் என்று இப்போது தோன்றுகிறது. ஒன்றும் தெரியாதவர்கள் இரண்டு கேள்வி கேட்டிருப்பார்கள். நாங்கள் தலையாட்டினோம்.

மண்டப வாசலில் ஒரு பெண் சிரித்துச் சிரித்துப் பேசியபடி கார்டு எழுதினாள். எந்த மாடி, எத்தனை பிள்ளைகள், என்ன மாத்திரை, எல்லாம் கேட்டாள். உள்ளே வைத்தியர் கண்ணை மூடி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். "படி ஏறி இறங்கியே முட்டி தேஞ்சிருக்கும்மா. ரெண்டு பொண்ணக் கட்டிக் குடுத்த களைப்பு இன்னும் நாடியில நிக்குது." அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்களுக்கு முன்னாலேயே அந்தக் கார்டு அவர் மேஜைக்குப் போய்விட்டது என்பது எனக்கு உறைக்க மூன்று வாரம் ஆனது.

அப்புறம்தான் அந்த இலை. சிறுகுறிஞ்சான் இலை இரண்டைக் கொடுத்து நன்றாக மெல்லச் சொன்னார். பிறகு ஒரு ஸ்பூன் சர்க்கரை. வாயில் போட்டால் தித்திப்பே இல்லை, மணலைத் தின்பது போல இருந்தது. நானும் மென்று பார்த்தேன், எனக்கும் அதேதான். "நாக்குலயே சர்க்கரை செத்துப்போச்சு பாத்தீங்களா? ரத்தத்துல நிக்குமா?" என்றார். அந்த நிமிஷத்தில் நான் விழுந்தேன். அந்த இலைக்கு நாக்கில் தித்திப்பு உணர்வைக் கொஞ்ச நேரம் மறைக்கும் குணம் உண்டு, யார் மென்றாலும் அப்படித்தான். அதற்கும் ரத்தத்தில் ஓடும் சர்க்கரைக்கும் அங்கே அவர் போட்ட முடிச்சு சுத்தப் பித்தலாட்டம்.

ஒரு மண்டலத்துக்கு, அதாவது 48 நாளுக்கு, முட்டிக்கு ஒரு சூரணம், சர்க்கரைக்கு ஒன்று, தடவ ஒரு தைலம். மொத்தம் 8,400 ரூபாய். கையிலிருந்த 1,400 போக மீதி 7,000 ரூபாயை போனில் அனுப்பினேன். முகாம் பெயருக்கு இல்லை, யாரோ ஒரு பெண்ணின் பெயருக்கு. அதுவும் அப்போது உறுத்தவில்லை. அம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் அது.

மூன்றே நாளில் வலி போனது. அம்மா எம்.சி. ரோடு வரை நடந்து போய் எனக்கு நைட்டி எடுத்து வந்தார். தெருவில் நாலு பேருக்கு நானே அந்த முகாமைச் சிபாரிசு செய்தேன். அந்த நாலு பேர் முகத்தில் இப்போது எப்படி முழிப்பது?

மூன்றாவது வாரம் முகம் உப்பிக்கொண்டது. சர்க்கரை 380. எங்கள் டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த மாதிரிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலப்பது உண்டு, பரிசோதித்தால்தான் உறுதியாகத் தெரியும், ஆனால் வலி பறந்ததும் சர்க்கரை ஏறியதும் முகம் வீங்கியதும் அதைத்தான் காட்டுகின்றன என்றார். ஸ்டீராய்டாக இருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்தாம். எத்தனை நாள், எவ்வளவு சாப்பிட்டார் என்று கேட்டுத்தான் நிறுத்த வழி சொன்னார்.

நோட்டீஸில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். முதல் நாள்: "கெட்ட நீர் முகத்து வழியா வெளிய வருதுக்கா, நல்ல அறிகுறி." இரண்டாம் நாள்: "ஐயா சேலம் முகாம்ல இருக்காரு." நான்காம் நாள் ஐயா கும்பகோணம் போய்விட்டார். கடைசியாக ஒருத்தன் எடுத்து, "பத்தியத்துல மீன் சாப்ட்டீங்களா?" என்றான். காசிமேட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆமாம் என்றேன். "அப்போ நாங்க பொறுப்பில்ல" என்று வைத்துவிட்டான். அதோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். மண்டபத்து மேனேஜரோ, வாடகை வாங்கியதோடு சரி என்கிறார்.

ரசீதை எடுத்துப் பார்த்தேன். 8,400 ரூபாய்க்கு நேரே 'நன்கொடை' என்று எழுதியிருக்கிறது. மருந்து என்ற வார்த்தையே அதில் இல்லை. சிறுகுறிஞ்சான் பொடி நாட்டு மருந்துக் கடையில் ஒரு பாக்கெட் நூறு ரூபாய்கூட ஆகவில்லை, நேற்றுதான் விசாரித்தேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குத் தெம்பில்லை. டப்பாவில் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, என்னென்ன சேர்ந்திருக்கிறது, இத்தனையும் இருக்க வேண்டும். எங்கள் டப்பாவில் சித்தர் மட்டும்தான் இருந்தார். சர்க்கரையை அடியோடு குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், நோட்டீஸில் அந்த வரி இருந்தால் அப்படியே கிழித்துப் போடுங்கள். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் அரும்பாக்கத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது, தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. போனில் பணம் அனுப்பி ஏமாந்தால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள், நான் மூன்று வாரம் கழித்து அழைத்தேன். நுகர்வோர் புகாருக்கு 1915. இரண்டிலும் பதிவு செய்திருக்கிறேன்.

மீதிப் பொடியைப் பரிசோதனைக்கு என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். நேற்று ராத்திரி அம்மா காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு கேட்கிறார்: "வலி தாங்கலடி. அதுல ஒரே ஒரு ஸ்பூன் குடேன்."