சென்சர் மாற்றினோம் என்று 38,000 வாங்கினார்கள், வெடித்திருந்தது ஒரு ரப்பர் ஹோஸ்

மட்டக்களப்புப் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். கராஜின் பெயரைப் போடவில்லை. என்னிடம் ஒழுங்கான பில் இல்லை, பிழை அங்கேயே தொடங்கிவிட்டது.

என்னுடையது டொயோட்டா கொரோலா 121. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல் திரும்பத் திறந்தபோது விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் பழையதையே வைத்துக்கொண்டேன். போன மாதம் ஒரு காலை, ஸ்டார்ட் பண்ணியதும் ஆர்பிஎம் முள் 600க்கும் 1200க்கும் நடுவில் ஊஞ்சல் ஆடத் தொடங்கியது. கல்லடிப் பாலத்தில் வாகனங்கள் நெருங்கி ஊரும் நேரம் இரண்டு தரம் நின்றே போனது. பின்னால் ஹோர்ன் சத்தம் தாங்கவில்லை. மூன்றாம் நாள் என்ஜின் விளக்கும் எரிந்தது.

நகரத்துக்குள் ஒரு கராஜில் விட்டேன். ஸ்கேன் பண்ணிய பையன், “பி0171 அண்ணன், ஒக்சிஜன் சென்சர் போயிற்று” என்றான். பி0171 என்பது எரியும் கலவையில் காற்றுக்குப் பெற்றோல் போதவில்லை என்று கார் காட்டும் கோட் நம்பர். சென்சர் 38,000, இன்ஜெக்டர் கழுவ 6,500, கூலி 8,000. மொத்தம் 52,500 ரூபாய். பின்னேரம் போனால் விளக்கு அணைந்திருந்தது, முள் மட்டும் இன்னும் ஆடியது. “புதுச் சென்சர் பழக ரெண்டு நாள் எடுக்கும்” என்றார்கள். நானும் தலையாட்டினேன்! கழற்றிய சென்சரைக் கேட்டேன், குப்பையில் போட்டாயிற்றாம். பில்லில் ‘ரிப்பேர்’ என்று ஒரு சொல், பக்கத்தில் தொகை.

மூன்றாம் நாள் விளக்கு திரும்ப எரிந்தது. இந்த முறை, “கம்பியூட்டர் பெட்டிதான் பழுது, கொழும்பில எடுக்க வேணும், ஒரு லட்சத்துக்கு மேல வரும்” என்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

காத்தான்குடியில் வயதான ஒரு மெக்கானிக் காக்காவிடம் (முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் சொல்) கொண்டுபோனேன். அவரும் ஸ்கேனரைக் குத்தினார், ஆனால் கோட் நம்பரைப் பார்த்துவிட்டு மூடவில்லை. என்ஜினை ஓடவிட்டு எண்களையே பார்த்துக்கொண்டு நின்றார். சும்மா ஓடும்போது கம்பியூட்டர் கூடுதலாக ஊற்றும் பெற்றோல் 24 சதவீதம். 2500 ஆர்பிஎம்முக்கு மிதித்தால் 5 சதவீதம். “இது எங்கேயோ காத்துக் குடிக்குது தம்பி” என்றார்.

அவர் சொன்னது எனக்கு விளங்கியது இப்படித்தான். உள்ளே போகும் காற்றை வாசலிலேயே ஒரு சென்சர் அளக்கிறது. அதற்குப் பிறகு உள்ள ஹோஸ் வெடித்தால், அளக்காத காற்று களவாக உள்ளே போகும். கலவையில் பெற்றோல் குறையும். ஐடிலில், அதாவது மிதிக்காமல் சும்மா ஓடும்போது, காற்றுக் கதவான த்ரொட்டில் கிட்டத்தட்ட மூடியிருப்பதால் உறிஞ்சல் பலமாக இருக்கும், அந்தக் களவுக் காற்றின் பங்கும் பெரிது. மிதித்தால் வாசல் வழியாகவே நிறையக் காற்று வரும், களவு பெரிதாகத் தெரியாது. புகையில் மிஞ்சும் ஒக்சிஜனைப் பார்க்கும் ஒக்சிஜன் சென்சர் உள்ளதைச் சொல்லியிருக்கிறது. எய்தவன் இருக்க அம்பை நொந்திருக்கிறோம்.

பிறகு நோஸ் பிளையரின் வாயில் துணியைச் சுற்றி, ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக மெதுவாக நசுக்கிப் பார்த்தார். பிரேக் பூஸ்டர் ஹோஸில் மாற்றமில்லை. என்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிசிவி வால்விலிருந்து, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மெனிபோல்டுக்குப் போகும் குட்டை ஹோஸை நசுக்கியதும் முள் சட்டென்று அடங்கியது. விட்டால் திரும்ப ஆட்டம். கழற்றிக் கையில் தந்தார். மேலே ஒன்றும் தெரியவில்லை. வளைவின் அடிப்பக்கத்தில் எண்ணெய்க் கரியைத் துடைத்து இலேசாக மடக்கினால், நகம் நுழையும் அளவு வெடிப்பு வாய் திறந்தது. என்ஜின் சூடும் எண்ணெய் ஆவியும் வருடக்கணக்காகப் பட்டு ரப்பர் காய்ந்த கருவாடு மாதிரி இறுகியிருந்தது.

சிலர் இந்த ஓட்டையைத் தேட காபரேட்டர் கிளீனர் அடிப்பார்கள். சூடான எக்சோஸ்டுக்குப் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், வீட்டில் செய்து பார்க்காதீர்கள். தோட்டத்துத் தண்ணீர் ஹோஸை வெட்டிப் போடும் வேலையும் வேண்டாம், எண்ணெயில் ஊறி, உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். சரியான ஹோஸ் 1,400 ரூபாய்க்குக் கிடைத்தது, கூலியாக 500 வாங்கினார்.

போகும்போதுதான் 38,000 கதையைச் சொன்னேன். அவர் டோர்ச்சை வாங்கி எக்சோஸ்ட் பக்கம் குனிந்தார். “இவ்வளவு சல்லியும் குடுத்தா? இதில ஸ்பனர் பட்ட அடையாளமே இல்ல தம்பி.” போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். சென்சரின் அறுகோணத் தலையில் துரு ஒரே சீராக, ஒரு கீறல்கூட இல்லை. கழற்றவே இல்லை! ஸ்கேனரால் கோட் நம்பரை மட்டும் அழித்துவிட்டு காசை வாங்கியிருக்கிறார்கள். இந்தக் கோட் ஒரு ஓட்டத்தில் பிழை கண்டதும் விளக்கை எரிக்காது, அடுத்த ஓட்டத்திலும் கண்டால்தான் எரிக்கும். ‘ரெண்டு நாள் பழகட்டும்’ என்றதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

காசைக் கேட்டு மூன்று தரம் போய்விட்டேன். மூன்று தரமும் முதலாளி இல்லை, நாளைக்கு வரட்டாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்கலாம் என்றிருக்கிறேன். கையில் இருப்பது போனில் அந்தத் துருப் படமும், ‘ரிப்பேர்’ என்று எழுதிய பில்லும்தான்.