டிரெய்லர் வாங்கும்போது 'பூச்சித் தடுப்பு பேக்கேஜ்' என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்

டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் நடமாடும் வீடான டிராவல் டிரெய்லர் உங்களிடம் இருந்து, அதன் பில்லில் 'பூச்சித் தடுப்பு' என்று ஒரு வரி இருந்தால், அடுத்த முறை ஃபர்னஸைப் (கேஸில் எரிந்து உள்ளே சூடாக்கும் கருவி) போடுவதற்கு முன் வெளியே போய் அதன் வென்டில், அதாவது காற்றும் புகையும் போய்வரும் திறப்பில், டார்ச் அடித்துப் பாருங்கள். மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

நாங்கள் இருப்பது டல்லாஸ் பக்கம். சென்ற ஆகஸ்டில், பல வருஷ ஆசைக்குப் பிறகு, 26 அடி நீளத்தில் புது டிரெய்லர் ஒன்று வாங்கினோம். விலை எல்லாம் பேசி முடித்து, கடைசியாகக் கடன் காகிதங்களில் கையெழுத்துப் போடும் அறைக்குள் போனோம். அங்கே இருந்தவர் நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார். "டெக்சஸில் குளவித் தொல்லை உங்களுக்கே தெரியும். வெளிப்பக்கம் இருக்கிற 11 வென்டுக்கும் வலை போட்டுத் தருகிறோம், 695 டாலர்" என்றார். இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் அந்தக் கடையில் இருந்தாகிவிட்டது. சரி என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பணத்தைத் தனியாக வாங்கவில்லை, கடனோடு சேர்த்துவிட்டார்கள். 12 வருஷக் கடன், 8.99 சதவீதம் வட்டி. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால் 695 டாலர் கடைசியில் 1,100 டாலரைத் தாண்டுகிறது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கிரெடிட் கார்டில் தனியாகக் கொடுத்திருந்தால், வேலை சரியில்லை என்று கார்டு கம்பெனியிடம் முறையிடவாவது ஒரு வழி இருந்திருக்கும். கடனுக்குள் போய்விட்டால் அதுவும் இல்லை.

வண்டியை ஒப்படைத்த அன்று வெயில் 104 டிகிரி. ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார்கள். ஃபர்னஸ் வந்தபோது மட்டும், "இந்த வெயிலில் எதற்கு, நாங்கள் டெஸ்ட் பண்ணிவிட்டோம்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். வெளிப்பக்கம் சாம்பல் நிறத்தில் வலை ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். வலை இருக்கிறது, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு பாலோ டுரோ கேன்யன் போனோம். அமரில்லோவுக்குத் தெற்கே இருக்கும் பெரிய பள்ளத்தாக்கு. சரிவான சாலையில் இறங்கி அடிவாரத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். பகலில் நல்ல வெயில், ராத்திரியில் உறைபனிக் குளிர். ஒன்பது மணிக்கு முதல் முறையாக ஃபர்னஸைப் போட்டோம். கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வந்தது. புது ஃபர்னஸ் முதல் முறை எரியும்போது உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பூச்சு தீய்ந்து வாடை வரும் என்று படித்திருந்தேன். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். வாடை குறைந்ததும் மூடிவிட்டுப் படுத்தோம்.

ராத்திரி இரண்டே முக்கால் இருக்கும். அலாரம் அடித்தது. நான்கு முறை கத்தி, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி நான்கு முறை. பேட்டரி தீர்ந்தால் எப்போதாவது ஒரு தடவைதான் கத்தும். நான்கு நான்காக அடித்தால் கார்பன் மோனாக்சைடு. என் மனைவிதான் முதலில் எழுந்தாள். "என்னங்க, பாப்பா தலை வலிக்குதுங்கறா" என்று அவள் சொன்னபோது எனக்கும் தலை கனத்துக் கிடந்ததை உணர்ந்தேன். குழந்தைகளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு வெளியே ஓடினோம். கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, கேஸை மூடிவிட்டு, விடியும்வரை டிரக்கில் உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி நேரத்தில் தலைவலி எல்லோருக்கும் விட்டுவிட்டது. அப்போதே 911 அழைத்திருக்க வேண்டும், நான் அழைக்கவில்லை. உங்களுக்கு இப்படி நடந்தால் வெளியே வந்த உடனே அழையுங்கள். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

காலையில் அமரில்லோவிலிருந்து, வண்டி நிற்கும் இடத்துக்கே வந்து பழுது பார்க்கும் ஒரு மெக்கானிக் வந்தார். வயதானவர், நிதானமாக வேலை செய்பவர். ஃபர்னஸ் வென்டைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

அந்த வென்டில் இரண்டு வட்டக் குழாய்கள். ஒன்று எரிவதற்கான காற்றை உள்ளே இழுக்கும், இன்னொன்று புகையை வெளியே தள்ளும். இரண்டின் மேலும் வீட்டு ஜன்னலுக்குப் போடுகிற கொசுவலையை வெட்டி, சுற்றிலும் சிலிகான் வைத்து ஒட்டியிருந்தார்கள். கண்ணாடி நார் இழைக்கு மேல் பிளாஸ்டிக் பூச்சு போட்ட சாதாரண வலை. புகைக்குழாய் வாயில் அது சூட்டில் உருகிச் சுருங்கி, கறுப்புப் பிசினாகக் குழாயின் உள்விளிம்பில் வழிந்து இறுகியிருந்தது. முக்கால்வாசி வாய் அடைபட்டிருந்தது. மிச்சமிருந்த சந்தில் என் சுண்டுவிரல்தான் போனது.

அடுத்த குழாயின் வலையைக் கத்தியால் அறுத்து எடுத்தார். உள்ளே குளவிக்கூடு! கட்டைவிரல் நீளத்துக்கு, மண் காய்ந்து கல் மாதிரி. வெயில் காலம் முழுக்க வண்டி டீலரின் மைதானத்தில் நின்றிருக்கிறது, அப்போது கட்டியது. ஒட்டியவர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் கூட்டோடு சேர்த்து மூடியிருக்கிறார். ஸ்க்ரூடிரைவரால் அதைப் பெயர்த்தோம். உள்ளே நான்கு அறைகள். மூன்றில் பழுப்பு உறைக்குள் கூட்டுப்புழு. நான்காவதில் முட்டை பொரிக்காமல் போயிருக்க வேண்டும், ஒன்பது பத்து சிலந்திகள் கால் மடங்கி, அடுக்கி வைத்தது போலக் காய்ந்து கிடந்தன. புழுவைக் குளவி கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஆக்கிவிடும் என்று ஊரில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நடப்பது வேறு. இந்தக் குளவி சிலந்தியைக் கொட்டி மரத்துப்போக வைத்து, கொண்டுவந்து அறைக்குள் அடைத்து, முட்டை இட்டு, மண்ணால் மூடிவிடும். பொரித்து வரும் புழு சிலந்திகளைத் தின்று வளரும். என் மகளுக்கு இதைக் காட்டியபோது அவளுக்கு முந்தின ராத்திரி பயமெல்லாம் போய்விட்டது.

ஃபர்னஸ் ஏன் தானாக நிற்கவில்லை என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில் எனக்குப் புதிது. எங்கள் ஃபர்னஸில் காற்றோட்டத்தைக் கவனிக்க ஒரு சுவிட்ச் உண்டு. ஆனால் அது கவனிப்பது அறைக்குள் சுற்றும் சூடான காற்றை. வெளியிலிருந்து வந்து எரிந்து வெளியே போகும் காற்றின் பாதை வேறு. அங்கே அடைத்தால் அந்த சுவிட்சுக்குத் தெரியாது. காற்றுப் போதாமல் அரைகுறையாக எரிந்து, வெளியே போக வழியில்லாமல், வென்ட் இணைப்பின் விளிம்பு வழியாகச் சுவர் இடுக்குக்குள் புகை திரும்பியிருக்கிறது. வேலைக்கு 240 டாலர் வாங்கினார். தகும்.

அப்புறம் அவர் ஃபர்னஸின் கையேட்டை எடுக்கச் சொன்னார். அதிலேயே தெளிவாக எழுதியிருக்கிறது: இந்த வென்டின் மேல் எந்தக் காரணத்துக்காகவும் வலை போடக்கூடாது. தயாரித்தவன் கூடாது என்று அச்சடித்து வைத்ததை, விற்றவன் காசு வாங்கிக்கொண்டு செய்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்து, அந்த 11 வென்ட் எவை என்று பில்லை எடுத்துப் பார்த்தேன். கூரைக்கு ஏணி போட்டு ஏறினேன். கழிவுக் குழாய்களின் வென்ட் இரண்டு, எதிலும் வலை இல்லை. அடுப்புக்கு மேல் இருக்கும் புகைபோக்கியின் வெளி மூடியிலும் இல்லை. பட்டியலில் 'ஃபிரிட்ஜ் மேல் வென்ட், ஃபிரிட்ஜ் கீழ் வென்ட்' என்று இரண்டு வரிகள். எங்கள் ஃபிரிட்ஜ் 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரெசர் ஃபிரிட்ஜ். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜுக்குத்தான் வெளியே வென்ட் வேண்டும். எங்கள் வண்டியில் இல்லவே இல்லாத இரண்டு வென்டுகளுக்கு வலை போட்டதாகக் காசு வாங்கியிருக்கிறார்கள். உண்மையில் வலை போட்டது மொத்தம் மூன்று இடத்தில். அதில் இரண்டு, போடவே கூடாத ஃபர்னஸ் குழாய்கள். மூன்றாவது வாட்டர் ஹீட்டர் கதவு. அங்கேயும் அதே கொசுவலை, உருகத் தொடங்கியிருந்தது.

பூச்சி விஷயம் சின்ன விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிகன் குடியரசின் புவெர்ட்டோ பிளாட்டாவிலிருந்து கிளம்பிய பிர்கன்ஏர் விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். வேகத்தை அளக்கும் குழாய் அடைபட்டிருந்தது. பல நாள் மூடி போடாமல் நின்ற விமானம் அது. குழாயில் இதே வகைக் குளவி கூடு கட்டியிருக்கும் என்பதுதான் விசாரணையில் எழுந்த வலுவான சந்தேகம். 2011-ல் மாஸ்டா கம்பெனி பல ஆயிரம் மாஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், பெட்ரோல் டேங்கின் காற்றுக் குழாயில் வலை பின்னிய மஞ்சள் நிறச் சிலந்தி. நம் டிரெய்லரில் இருப்பதும் அதே மாதிரி குறுகலான, இருட்டான குழாய்கள்தான். டிரெய்லரில் எரிக்கும் புரொபேன் கேஸுக்குத் தனியாக வாடை கிடையாது, கசிவு தெரிவதற்காக மெர்காப்டன் சேர்க்கிறார்கள். அந்த வாடைக்குத்தான் பூச்சி வருகிறது என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பலர் சொல்கிறார்கள். எதற்கு வந்தாலும் வருகிறது. தடுக்கத்தான் வேண்டும், தெரிந்து தடுக்க வேண்டும்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். ஃபர்னஸ் வென்டுக்கு வலை கிடையாது. ஸ்பிரிங் வைத்து மாட்டுகிற ஸ்டீல் வலைகள் கடையில் கிடைக்கின்றன, நிறைய பேர் போட்டுக்கொண்டு ஓட்டவும் செய்கிறார்கள். குழந்தைகள் படுத்துத் தூங்கும் வண்டியில் கையேட்டை மீற எனக்கு மனமில்லை. அதற்குப் பதிலாக, வண்டி சும்மா நிற்கும் மாதங்களில் கேஸை மூடி, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டு, இரண்டு குழாய் வாயையும் நீல பெயின்டர் டேப்பால் மூடுகிறேன். டேப்பின் முனையில் ஒரு முழ நீளச் சிவப்புத் துணி தொங்கும். ஃபர்னஸைப் போடுகிற தெர்மோஸ்டாட்டின் மேலும் 'வென்டைத் திற' என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். இந்த இரண்டும் இல்லாமல் டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். மறந்துபோய்ப் போட்டுவிட்டால் டீலர் செய்ததை நீங்களே செய்த மாதிரி ஆகிவிடும். கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டு வாசலிலேயே ஃபர்னஸை அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கிறேன், வெயிலாக இருந்தாலும்.

வாட்டர் ஹீட்டர் கதவில், அதன் கையேடு வலை கூடாது என்று சொல்லாவிட்டால் மட்டும், இரும்புக் கம்பி வலைதான், பிளாஸ்டிக் கலந்த எதுவும் ஆகாது. ஓட்டை எட்டில் ஒரு அங்குலம் இருந்தால் குளவி நுழையாது. குட்டிச் சிலந்தி அதிலும் நுழையும். அதனால் சீசனுக்கு ஒரு முறை பர்னர் குழாயை மெல்லிய பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். சுடர் நீலமாக நேராக எரிந்தால் சரி. மஞ்சளாக ஆடினாலோ, சுற்றிலும் கரி படிந்திருந்தாலோ அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கேஸ் ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் கீழ் வென்டின் உள்பக்கம் இதே கம்பி வலையைக் கட்டலாம், ஆனால் நெருக்கமான வலை வேண்டாம். சூடான காற்று தானாக மேலே ஏறித்தான் அந்த ஃபிரிட்ஜ் குளிர்கிறது, தூசி அடைத்தால் பால் கெட்டுப்போகும். கூரையில் இருக்கிற கழிவுக் குழாய் வென்டுக்கு வலை வைத்த மூடி கிடைக்கிறது. அடுப்புப் புகைபோக்கிக்கு வெளியே கொண்டி இருக்கும், ஓட்டும்போது பூட்டி, சமைக்கும்போது திறந்தால் போதும். கம்பி வலை, டேப், பிரஷ் எல்லாம் சேர்த்து எனக்கு 40 டாலருக்குள் முடிந்தது. ஒரு சனிக்கிழமை மதியம், அவ்வளவுதான் வேலை.

டீலரிடம் போனபோது முதலில், "வலை கேட்டீர்கள், போட்டோம்" என்றார்கள். படங்களைக் காட்டியதும் 200 டாலருக்கு சர்வீஸ் கூப்பன் தருகிறோம் என்றார்கள். வாங்கவில்லை. டெக்சஸில் வாடிக்கையாளரை ஏமாற்றும் வணிகத்துக்கு எதிராக டிடிபிஏ என்ற சட்டம் இருக்கிறது. வழக்குப் போடுவதற்கு 60 நாள் முன்பே, என்ன புகார், எவ்வளவு நஷ்டம் என்று எழுத்தில் அனுப்ப வேண்டும். பேக்கேஜ் காசு, வட்டி, மெக்கானிக் கூலி எல்லாம் கணக்குப் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். டீலர்களுக்கு உரிமம் கொடுக்கும் மாநில மோட்டார் வாகனத் துறைக்கும் ஒரு புகார் போயிருக்கிறது. பதில் வராவிட்டால் ஜஸ்டிஸ் கோர்ட்டுக்குப் போவேன். அங்கே 20,000 டாலர் வரை வழக்குப் போடலாம், வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை.

இதேபோல் மாட்டிக்கொண்டவர்கள் வலையைப் பிய்த்து எறிவதற்கு முன் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, பில்லும் தெரிகிற மாதிரி. நான் உருகிய வலையையும் குளவிக்கூட்டையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, தேதி எழுதி வைத்திருக்கிறேன். நோட்டீஸ் கெடு முடிய இன்னும் 19 நாள் இருக்கிறது.