உண்ணிக் காய்ச்சலில் மூளை ரத்த ஓட்டம்: ஸ்பெக்டா, ஏ.எஸ்.எல். எம்.ஆர்.ஐ.யா?

தொண்டியிலிருந்து மண்டபம் வரை சீமைக்கருவேலங்காட்டில் ஆடு மேய்ப்பவருக்குக் காய்ச்சலோடு மனக்குழப்பமும் சேர்ந்தால் ரிக்கெட்சியாவைச் சந்தேகிக்க வேண்டும். உண்ணி வழியே உடம்பில் ஏறும் இந்தக் கிருமி ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களுக்குள் பெருகி, குழாயைக் கசிய வைக்கும், சிறு குழாய்களை அடைக்கும். வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ரத்த ஓட்டப் படம் உதவக்கூடியது அங்கேதான். ஆனால் அது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை அல்ல. மனச்சோர்விலும் ஓட்டம் குறையும். படத்துக்காக இந்தக் காய்ச்சலுக்கான டாக்சிசைக்ளின் மருந்தை (100 மி.கி., இரண்டு வேளை) ஒரு வேளைகூடத் தள்ளிப்போடக் கூடாது.

இந்தத் துறையில் பழைய கை ஸ்பெக்ட்தான்: கதிரியக்க மருந்தை ஊசியில் செலுத்தி, அது மூளையில் சேரும் அளவைப் படமாக்கும் முறை. உண்ணியால் வரும் இன்னொரு நோயான லைம் நோய் உள்ளவர்களிடம் குறைந்திருந்த ஓட்டம், செஃப்ட்ரியாக்சோன் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்து ஆறு மாதத்தில் மேம்பட்டதை 1997இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. லைம் கிருமி வேறு என்பதால் அந்த முடிவை அப்படியே நம் ஊர் உண்ணிக் காய்ச்சலுக்குப் (டைபஸ்) பொருத்த முடியாது.

ஸ்பெக்டில் ஊசி போடும் நேரம்தான் எல்லாம். கையில் வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் சிறு குழாய்) போட்டு, மங்கிய அறையில் பேச்சில்லாமல் பத்துப் பதினைந்து நிமிடம் படுக்க வைத்து, சுமார் 20 மில்லிக்யூரி டெக்னீசியம்-99எம் எச்.எம்.பி.ஏ.ஓ. என்ற கதிரியக்க மருந்தைச் செலுத்துவார்கள். மருந்து அந்த நிமிடத்து ஓட்டத்தின்படி மூளையில் போய் ஒட்டிக்கொள்ளும். படம் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான். ஆட்டம் போடும் நோயாளிக்கு இது பெரிய வரம்: ஊசிக்குப் பிறகு மயக்க மருந்து கொடுத்தாலும் முடிவு மாறாது. சிக்கல் கலவையில். நிலைப்படுத்தும் பொருள் சேர்க்காத கிட்டை (மருந்துக் கலவையை) கலந்த 30 நிமிடத்துக்குள் செலுத்திவிட வேண்டும். நேரம் கடந்த மருந்து மூளைக்குள் சரியாகப் போகாது, படம் மங்கிவிடும். இன்னொன்று, ஸ்பெக்ட் பெரும்பாலும் சிறுமூளையோடு ஒப்பிட்டுத்தான் சொல்லும். மூளை முழுக்க ஒரே அளவில் ஓட்டம் குறைந்திருந்தால் படம் இயல்பானது போலவே தெரியும். ரத்தக்குழாய் நோயில் இது சின்னக் குறை இல்லை.

எம்.ஆர்.ஐ. இயந்திரத்திலேயே எடுக்கும் ஏ.எஸ்.எல்.லில் ஊசியும் கதிர்வீச்சும் இல்லை. கழுத்தில் பாயும் ரத்தத்தையே காந்தத்தால் அடையாளமிட்டு, ஆரோக்கியமானவர்களுக்கு 1.8 விநாடி பொறுத்துப் படம் எடுப்பார்கள். நோயாளிகளுக்கு 2 விநாடி நல்லது. நான்கைந்து நிமிடத்தில் முடியும். 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லி என்று எண்ணாகவே கிடைக்கும். ஆனால் சமிக்ஞை நூற்றில் ஒரு பங்குதான். தலை அசைந்தால் போச்சு. குழாய் சுருங்கி ரத்தம் தாமதமாக வந்தால் திசு கறுத்து, குழாய் மட்டும் பளிச்சென்று தெரியும். அதை ஓட்டக் குறைவு என்று எழுதிவிடக் கூடாது. ரத்தசோகை இருந்தால் எண்ணே தவறிவிடும், ஆகவே ஹீமோகுளோபின் அளவைச் சீட்டில் எழுதுங்கள். படகுப் பட்டறையில் வெல்டிங் செய்தவர் என்றால் கண்ணில் இரும்புத் துகள் இல்லை என்று எக்ஸ்ரே பார்த்த பிறகே உள்ளே விட வேண்டும்.

ரத்த ஓட்டம் பார்க்கும் சி.டி. ஸ்கேன் (பெர்ஃபியூஷன் சி.டி.) பக்கவாத அவசரத்துக்கு மட்டும். அயோடின் மருந்தை வேகமாக ஏற்ற வேண்டும். இந்தக் காய்ச்சலில் சிறுநீரகம் ஏற்கெனவே அடிபட்டிருக்கலாம்.

அடங்கிப் படுக்கக்கூடியவருக்கு, அதுவும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியவருக்கு ஏ.எஸ்.எல்.தான் எங்கள் தேர்வு. ஸ்பெக்டை அடங்காதவருக்கும் பேஸ்மேக்கர் உள்ளவருக்கும் வைத்துக்கொள்ளலாம். அதற்காக மதுரை போகும் முன் அன்றைக்குக் கலவை உண்டா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். எதுவானாலும் அன்று காலை டீ, காபி, பீடி வேண்டாம்: காஃபின் மட்டுமே ஓட்டத்தை நூற்றுக்கு இருபது முதல் முப்பது வரை குறைத்துவிடக்கூடும். மறுபடி எடுக்கும்போது அதே இயந்திரம், அதே அமைப்பு.