கடலூர் லேத் பட்டறையில் செய்த கைட் பக்கி, மூன்று மாதம் ஓட்டிய பிறகு

கைட் பக்கி என்றால் காத்தாடி (பட்டம்) இழுத்துக்கொண்டு போகும் மூன்று சக்கர வண்டி. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். கப்பல் கூலி, சுங்க வரி எல்லாம் கூட்டிப் பார்த்ததும் அந்த ஆசை போய்விட்டது. முதுநகர் பக்கம் ஒரு லேத் பட்டறையில் படத்தைக் கொடுத்துச் செய்யச் சொன்னேன், 19 ஆயிரம் ரூபாய் ஆனது.

1990 வாக்கில் நியூசிலாந்தில் காத்தாடி வடிவமைப்பாளர் பீட்டர் லின் கொண்டுவந்த அதே அமைப்புதான்: பின்னால் இரண்டு சக்கரம், முன்னால் ஒன்று, முன் சக்கரத்தைக் காலால் திருப்ப வேண்டும், ஏனென்றால் கை இரண்டும் காத்தாடிக்கு. இந்த வண்டிக்குப் பரவலாகப் போடும் டயர் 4.00-8, நம்ம ஆட்டோ டயரும் அதே அளவு! பஞ்சரானால் மஞ்சக்குப்பத்தில் எந்தக் கடையிலும் ஒட்டிவிடலாம், இந்த ஒரு விஷயத்துக்காகவே இங்கே செய்தது நல்லதாகப் போயிற்று.

ஓட்டம் அருமை. தேவனாம்பட்டினத்தில் கூட்டம் இருப்பதால் வார நாளில் மதியம் மூன்று மணிக்கு மேல் வடக்கே தாழங்குடா பக்கம் போய்விடுவேன், அப்போது தென்கிழக்கிலிருந்து கடல் காற்று சீராக அடிக்கும். 4 சதுர மீட்டர் காத்தாடி, நான்கு கயிறு: இரண்டு இழுக்க, இரண்டு பிரேக்குக்கு. அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணலில் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது, இரண்டடி மேலே காய்ந்த மணலில் ஏறினால் முன் சக்கரம் புதைந்து நின்றுவிடுகிறது. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் தேவலை. போட்டி என்றால் டென்மார்க்கின் ரோமோ தீவு மாதிரி கிலோமீட்டர் கணக்கில் அகலமான கெட்டி மணல் வேண்டும், நம் கடலில் நீர்மட்ட ஏற்ற இறக்கமே ஒரு மீட்டருக்கு உள்ளேதான் என்பதால் ஓடக் கிடைப்பது ஒரு பட்டைதான். எனக்கு அது போதும்.

இப்போது குறை. "துருவே பிடிக்காது சார்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். சட்டம் துருப்பிடிக்காத ஸ்டீல்தான், போல்ட்டோ சாதா இரும்பு, பேரிங்கில் சீல் கிடையாது. மூன்றாவது வாரமே பின் சக்கரம் கீச்சிட ஆரம்பித்தது, கழற்றினால் உள்ளே காப்பிப்பொடி மாதிரி துரு, விரலில் தேய்த்தால் நறநறவென்று மணல். திரும்பக் கொண்டுபோனதற்கு மாற்றித் தர முடியாது என்றுவிட்டார்கள், அதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். 6204 அளவு பேரிங், இருபுறமும் ரப்பர் சீல் வைத்தது, நானே வாங்கிப் போட்டேன். அப்புறம் இதுவரை சத்தமில்லை, ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுகிறேன்.

செய்யக் கொடுப்பவர்கள் துருப்பிடிக்காத ஸ்டீலில் 304 ரகத்துக்குப் பதில் 316 ரகம் கேளுங்கள், உப்பை அதிகம் தாங்கும். போல்ட்டும் அதிலேயே வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும் முன்பே எழுதி வாங்குங்கள்.

காத்தாடிக் கைப்பிடியில் மணிக்கட்டு வார் இல்லாமல் இறங்கவே வேண்டாம். கைப்பிடியை விட்டதும் அந்த வார்தான் பிரேக் கயிற்றை இழுத்துக் காத்தாடியைக் கீழே இறக்கும். கச்சான், அதாவது மேற்கிலிருந்து வரும் கரைக்காற்று, அடிக்கும் காலையில் காத்தாடி நேராகக் கடலுக்குள் போகும், அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள். வலை காயும் இடத்தில் முதலில் அங்கிருக்கும் அண்ணன்களிடம் கேட்டுவிட்டு ஓட்டுங்கள்.

கால் வைக்கும் கம்பி வெறும் குழாய், ஈரக் கால் வழுக்கியது. பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன், கெட்டியாக நிற்கிறது.