12 ஏ.எம். எந்த நாளின் இரவு?

கோலாலம்பூர் டிபிஎஸ் நிலையத்திலிருந்து பினாங்கு போகும் பஸ் டிக்கெட்டில் 'சனி, 12.00 ஏ.எம்.' என்று இருந்தால் எப்போது புறப்பட வேண்டும்? வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு. சனி இரவு பெட்டியும் கையுமாகப் போய் நிற்பவரின் பஸ் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏ.எம்., பி.எம். என்பவை 'நண்பகலுக்கு முன்', 'நண்பகலுக்குப் பின்' என்ற லத்தீன் தொடர்களின் சுருக்கம். நண்பகல் தனக்கே முன்னும் ஆகாது, பின்னும் ஆகாது. நள்ளிரவுக்கோ இரண்டுமே பொருந்தும். அமெரிக்க அரசு அச்சகத்தின் நடைக் கையேடே நண்பகலை 12 ஏ.எம். என்று சொல்லிவந்து, 2008 பதிப்பில்தான் மாற்றிக்கொண்டது. இன்று 12 ஏ.எம். நள்ளிரவு, 12 பி.எம். நண்பகல் என்பது வழக்கத்தால் வந்ததே.

திருமண விருந்து அழைப்பிதழில் 'நண்பகல் 12' என்று போட்டால் போதும். வேறு பேச்சே இல்லை.

'நள்ளிரவு 12' அவ்வளவு எளிதன்று. ஏ.எம்.மைவிட மேல்தான், ஆனால் '15ஆம் தேதி நள்ளிரவு' என்றால் 15 தொடங்கும்போதா, முடியும்போதா? நம் ஊரில் இந்தக் குழப்பத்துக்கு ஆழமான காரணம் உண்டு. பஞ்சாங்கம் பார்க்கும் நமக்குச் சூரிய உதயத்தில் நாள் பிறக்கிறது. மலாய்க்காரர்கள் 'மாலாம் ஜுமாஅத்', அதாவது வெள்ளி இரவு என்று சொல்வது நமது வியாழன் இரவை. அவர்களின் சமய நாள் சூரியன் மறைந்ததும் தொடங்கிவிடுகிறது. அலுவலகக் காலண்டர் நடுராத்திரியில் தேதியை மாற்றுகிறது. மூன்று கணக்கும் ஒரே அடுக்குமாடியில் குடியிருக்கின்றன.

24 மணி நேர முறையில் 'சனி 00:00' என்றால் சனியின் தொடக்கம், சந்தேகமில்லை. பயணச் சீட்டுக்கு இதையே பரிந்துரைப்பேன். ஆனால் கோயில் அறிவிப்புப் பலகையில் நான்கு பூஜ்ஜியத்தைப் பார்த்தால் பாட்டிமார் என்ன நினைப்பார்கள்? அங்கே 'வெள்ளி முடிந்து சனி பிறக்கும் நள்ளிரவு 12' என்று எழுதுவதே மரியாதை. நீளம்தான், இருக்கட்டும்.

கட்டணம், விண்ணப்பம் போன்றவற்றின் கடைசி நேரத்துக்கு 'வெள்ளி இரவு 11.59' என்பதை மிஞ்ச எதுவும் இல்லை. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்டும் நள்ளிரவு 12ஐத் தவிர்த்து, ஒரு நிமிடம் முன்னோ பின்னோ குறிக்கவே சொல்கிறது. பஸ் நிறுவனங்களும் 11.59 என்றே அச்சிடலாம். வண்டி ஒரு நிமிடம் தாமதமாகக் கிளம்பினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.